பத்தொன்பது ஹஸ்ரத்

"ஹஸ்ரத், லேப்டாப்புக்கு வெளியில இருந்து மெமரி கூட்ட முடியுமா?"

கிதிர் முகம்மதுக்கு மூச்சு வாங்கியது. லேப்டாப்பைத் திறந்தபடியே இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு மஜ்லிஸ் மண்டபத்தின் மாடிப்படி ஏறி வந்திருந்தார். அதன் பக்கவாட்டில் இருந்த மூன்று துளைகளிலும் ஏதேதோ சொருகப்பட்டுத் தொங்கின.

ஹஸ்ரத் தன் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். அவர் குரு என்றாலும் வயதில் கிதிரைவிட இளையவர்; கிதிரைக் 'காக்கா' என்று அண்ணன் முறை வைத்தே அழைப்பார். ஊசியைத் துணியில் குத்தி வைத்தார்.

"என்ன காக்கா இது, தாய் ஆட்டை குட்டிங்க முட்டுற மாதிரி?"

"பென்டிரைவ் ரெண்டு. இது ஹார்டு டிஸ்க். இப்பதான் வாங்கிட்டு வர்றேன்."

"கூடிச்சா?"

"வைக்கிற இடம் கூடிச்சு. ஓட்டம் கூடல."

"கடையில என்ன சொன்னாங்க?"

"வெளியில சொருகுறது எல்லாம் எடுத்து வைக்கத்தானாம். வேலை செய்யுற மெமரி உள்ளே பலகையோட ஒட்டினதாம். இந்த மாடல்ல அதைக் கூட்டவே முடியாதாம்."

"அப்புறம் என்கிட்ட எதுக்குக் கேக்குறீங்க?"

"நீங்க ஒரு துஆ செஞ்சா..."

"லேப்டாப்புக்கா?"

கிதிர் தலை குனிந்துகொண்டார்.

கீழே சபூரா மாமி காத்திருந்தார். அவரை மதுரைக்கு அழைத்துப் போக வாசலில் வண்டி நின்றது. அங்கே அவருக்கு இதயத்தில் ஆபரேஷன். போவதற்கு முன் ஒன்றே ஒன்றைக் கேட்டுவிட வேண்டும் என்று வந்திருந்தார்.

அவருடைய வீட்டுக்காரர் மீராசா இறப்பதற்கு முந்தின வாரம் உட்கார்ந்து கேட்ட பயான் அது. ஹஸ்ரத் ஒரு கிணற்றைப் பற்றிச் செய்த பிரசங்கம். மைக்குக்குப் பக்கத்தில் இருந்த மீராசா நடுவில் இருமுவார். மாமி அன்று அந்த இருமலை வீட்டிலிருந்தே மஜ்லிஸ் ஸ்பீக்கரில் கேட்டார். கேட்டதும் எழுந்துபோய் சுக்குக் காப்பி போட்டு வைத்தார்.

அந்த மனிதரின் சத்தம் என்று மிஞ்சியிருந்தது அந்த இருமல் மட்டும்தான்.

பயான்களை வீடியோவில் பதிவு செய்து காப்பது கிதிரின் பொறுப்பு. அந்த வருடத்துப் பதிவுகளுக்கு அவர் பெயர் போட்டு வைக்கவில்லை. எனவே ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். கிணற்றுப் பயான் பத்தொன்பதாவதாகக் கிடைத்தது.

கிடைத்ததும் நின்றுவிட்டது. படத்தில் ஹஸ்ரத் வாயைத் திறந்தபடி உறைந்திருந்தார். அவர் மூக்கின் மேல் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. போனுக்கு மாற்றலாம் என்றால் அதுவும் நகரவில்லை.

வாசலில் ஹாரன் அடித்தது.

ஹஸ்ரத் லேப்டாப்பை வாங்கிப் பாயில் வைத்துப் பார்த்தார்.

"கிணறு இதுதானே. மத்த பதினெட்டும் ஏன் திறந்து கிடக்கு?"

"ஓடிக்கிட்டிருக்கு ஹஸ்ரத்."

"ஏன்?"

"இன்னும் துஆ வரலையே."

அந்த மஜ்லிஸில் ஒரு வழக்கம் உண்டு. பயான் முடிந்து, ஹஸ்ரத் துஆ ஓதி, எல்லோரும் ஆமீன் சொன்ன பிறகுதான் எழுவார்கள். பாதியில் யாரும் எழுந்து போவதில்லை. கிதிர் ஒருமுறை காலில் கட்டெறும்பு ஏறிக் கடித்தபோதும் அசையாமல் இருந்தவர்.

"அப்ப, இதுக்குள்ளே நாங்க எத்தனை பேர் பேசிக்கிட்டிருக்கோம்?"

"பத்தொன்பது ஹஸ்ரத்."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"சத்தத்தைக் குறைச்சு வச்சிருக்கேன்."

"வாயைப் பொத்தலாம், எழுந்து போகக் கூடாது. நல்ல மரியாதைதான் காக்கா."

கிதிருக்குக் காது மடல் சூடானது.

"நம்ம கந்தூரி விருந்துல ஒரு சஹனைச் சுத்தி எத்தனை பேர் உக்காந்து சாப்பிடுறோம்?"

"நாலு பேர்."

"அந்த ஒரு தட்டுல பத்தொன்பது பேர் உக்காந்தா?"

"கை நுழையாது."

"வாசல்ல இன்னொரு அண்டா சோறு இறக்கினா நுழையுமா?"

கிதிர் ஒரு பென்டிரைவைப் பிடுங்கினார். சற்று யோசித்து, இன்னொன்றையும் பிடுங்கினார்.

"பதினெட்டையும் மூடுங்க."

"என் கையாலயா?"

ஹஸ்ரத் தானே விரலை வைத்தார். மூலையில் இருந்த பெருக்கல் குறியை அமுக்கினார். கையை உயர்த்தியிருந்த ஹஸ்ரத் போனார். கண்ணை மூடியிருந்த ஹஸ்ரத் போனார். எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தவரும் சிரிப்போடு போனார்.

ஒவ்வொன்றுக்கும் கிதிர் வாய்க்குள் முணுமுணுத்தார்.

"என்ன சொல்றீங்க?"

"ஆமீன்."

"நான் இன்னும் துஆ ஒண்ணும் கேக்கவே இல்லையே காக்கா."

பதினெட்டும் போயின. வட்டம் நின்றது. உறைந்திருந்த வாய் அசைந்தது.

கிதிர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடினார். ஹஸ்ரத் பொத்தான் இல்லாத சட்டையோடு பின்னால் வந்தார்.

கிதிர் சத்தத்தைக் கூட்டினார். மாமி முக்காட்டை விலக்கிக் காதைத் திரைக்கு அருகில் கொண்டுவந்தார். கிணற்றில் வாளி விழுந்த கதையைத் திரையில் ஹஸ்ரத் சொல்லிக்கொண்டிருந்தார். கயிறு அறுந்தது. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

இருமல் வந்தது. இரண்டு தரம். தொண்டையைச் செருமிக்கொள்ளும் சத்தம் ஒன்று.

"இன்னொரு தடவை வை கிதிரு."

வைத்தார்.

மாமி முகத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை. சிரித்த மாதிரிதான் இருந்தது.

"அவருக்குச் சுக்கே பிடிக்காது," என்றார். பிறகு, "போதும்."

"மாமி, பயான் இன்னும்..."

"எனக்குப் போதும்ப்பா."

கிதிர் ஹஸ்ரத்தைத் திரும்பிப் பார்த்தார். ஹஸ்ரத் வண்டியின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார்.

திரையில் ஹஸ்ரத் குரலை உயர்த்தினார்.

"ஆகவே, இதுல இருந்து நாம விளங்கிக்க வேண்டியது என்னன்னா..."

கிதிர் தன் கையாலேயே மூடினார்.