கரிசலுக்கு வந்த செவலை முயல்

ஒரு காட்டில், குழந்தைகளே, ஓர் ஓடை ஓடியது. ஓடைக்கு இந்தப் பக்கம் செம்மண், அந்தப் பக்கம் கரிசல். நடுவில் கொஞ்ச தூரம்தான். ஆனால் குணத்தில் ஒன்றுக்கொன்று ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது.

செம்மண் பக்கத்தில் செவலை என்ற முயல் தோட்டம் போட்டுப் பிழைத்துவந்தது. உழைப்பென்றால் அப்படியோர் உழைப்பு! காலையும் மாலையும் சுரைக்குடுக்கையில் தண்ணீர் மொண்டு வந்து ஊற்றும். ஒரு வேளை தவறினாலும் அங்கே செடிகள் தலையைத் தொங்கப் போட்டுவிடும்.

ஒரு மழைக்காலத்தில் ஓடை பெருகி, அந்தத் தோட்டத்தை அடியோடு வாரிக்கொண்டு போனது. மிஞ்சியது நான்கு குட்டிகளும் இரண்டு கைப்பிடி தட்டைப்பயறும்தான். செவலை அழுது தீர்த்துவிட்டு, வெள்ளம் வடிந்ததும் குட்டிகளோடு கரிசல் பக்கம் குடியேறியது.

மழை ஓய்ந்ததும் ஒரு கைப்பிடி பயற்றை விதைத்தது. வழக்கம்போல இருவேளையும் தண்ணீர் ஊற்றியது. பயறு முளைத்தது. முளைத்த வேகத்திலேயே இலையெல்லாம் மஞ்சளடித்துப் போனது.

வரப்பில் ஒற்றைக் காலில் நின்ற கொக்கு இதைப் பார்த்தது.

"தங்கச்சி, இந்த மண்ணுக்குத் தாகம் அடங்கலை. இன்னும் ஊத்து!" என்றது.

"இருவேளையும் ஊத்துறேனே அண்ணே?"

"மதியமும் ஊத்து. கஞ்சத்தனம் பண்ணினா வெள்ளாமை விளையுமா?"

செவலை மதியமும் ஊற்றியது. முதுகு ஒடிந்தது. வயல் சேறானது. தவளைகள் குடிவந்தன. கொக்குக்கு மட்டும் பல் இருந்திருந்தால் அன்றைக்கு வாயெல்லாம் பல்லாகியிருக்கும்!

ஆனால் பயறு ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. செவலை ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தது. வேர் அழுகி நாறியது. மீதியிருப்பது ஒரே ஒரு கைப்பிடி. அதுவும் போனால் குட்டிகள் பட்டினிதான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, கொக்கின் அலகில் ஒரு தவளை துடித்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, நான் வர்றதுக்கு முன்னாடி இங்கே தவளை உண்டா?"

கொக்கு அவசர அவசரமாக விழுங்கிவிட்டுத் திருதிருவென்று விழித்தது.

"அது... தவளைதானே தங்கச்சி, எங்கேயும் இருக்கும்."

செவலை ஓடையைத் தாண்டிப் போய் ஒரு பிடி ஈரச் செம்மண்ணை எடுத்து அழுத்திப் பார்த்தது. மண் பொலபொலவென்று உதிர்ந்தது. திரும்பி வந்து கரிசலில் ஒரு பிடி எடுத்து அழுத்தியது. அது கொழுக்கட்டையாய்க் கையிலேயே நின்றது. உதறினாலும் விழவில்லை.

"அடடா! அந்த மண்ணு தண்ணியை ஓட விட்டுடும். இது விடாம பிடிச்சு வச்சுக்கும். இது தெரியாம, குடிச்சு வயிறு உப்பினவனுக்கு மேல மேல ஊத்தியிருக்கேனே!" என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டது.

கடைசிக் கைப்பிடியை, தான் தண்ணீர் ஊற்றாத பக்கத்து நிலத்தில் விதைத்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை. உள்ளே தேங்கிய மழை ஈரத்திலேயே பயறு முளைத்தது. இலைகள் பச்சைப்பசேல் என்றிருந்தன.

பனிக்காலம் முடிந்து வெயில் ஏறியது. கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்தது.

கொக்கு ஓடோடி வந்தது. "பார்த்தியா? மண்ணு வாயைப் பிளந்துக்கிட்டுத் தண்ணி தண்ணின்னு கதறுது! கல்நெஞ்சக்காரி, ஊத்து!"

"அம்மா, ஊத்திடலாமா? நமக்கு வேற பயறு இல்லையே," என்று குட்டிகளும் அழத் தொடங்கின.

செவலை ஓடைக்குப் போய்க் குடுக்கையை நிரப்பிக்கொண்டு வந்தது. செடியின் தலைக்கு மேல் சாய்க்கவும் போனது. அப்படியே கையை இழுத்துக்கொண்டது. வெடிப்புக்குள் கையை விட்டுத் துழாவியது. மேலேதான் வறட்சி. உள்ளே மண் சில்லென்று ஈரமாக இருந்தது.

"இந்தாங்க, ஆளுக்கு ஒரு வாய் குடிங்க," என்று குடுக்கையைக் குட்டிகளிடம் நீட்டியது.

பிறகு தாயும் குட்டிகளுமாகச் சேர்ந்து, வேரில் படாமல் மேல்மண்ணைக் கிளறிப் பொடியாக்கி வெடிப்புகளை மூடின. உள்ளே இருந்த ஈரம் வெயிலுக்குப் பறிபோகாமல் தங்கியது.

கொக்கு கொஞ்ச நேரம் நின்று பார்த்தது. இனி இங்கே தவளை வராது என்று அதற்குப் புரிந்துவிட்டது. ஓடைப் பக்கம் பறந்து போனது.

பயறு பூத்தது, காய்த்தது. கொடி தாங்காத காய்ப்பு. குட்டிகள் பச்சைக் காயை உரித்து உரித்துத் தின்றன. செவலை இன்னும் இரண்டு காயை நீட்டியது.

"போதும்மா!" என்றது கடைக்குட்டி.

கரிசலுக்கு வந்த பிறகு அந்தச் சொல்லைச் செவலை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டது.

நீதி: மண்ணின் குணம் அறிந்து பாடுபடு, அறியாத உழைப்பு பயிரையே கெடுக்கும்.