பக்கத் துளைக்கு ஒரு மூடி

கல்யாணக் கச்சேரிகளில் கிதார் வாசித்தே தலை நரைத்துப்போன சவரிராஜுக்கு, கிதார் செய்யவும் கற்றுக்கொள்ளவேண்டும் என்று ஆசை வந்தது. கிதார் பட்டறை வைத்திருந்த ரோசலினிடம் போய்ச் சேர்ந்தார். அவளுக்கு அவர் மகள் வயது. ஆனாலும் பட்டறைக்குள் அவள்தான் மாஸ்டர்.

முதல் கிதாரைச் செய்துமுடித்தார். வாசிக்கிறவர் காதுக்கும் நாதம் எட்டட்டும் என்று, பக்கவாட்டில், முகத்தைப் பார்த்த மாதிரி ஒரு துளை போட்டிருந்தார். வேண்டாதபோது அடைத்துவைக்க, கழற்றி மாட்டும் மரமூடியும் செய்திருந்தார்.

அந்தத் துளைதான் மனுஷனின் நிம்மதியைக் கெடுத்தது. வாசிக்க உட்கார்ந்தால் காதருகே ஒரு கரகரப்பு. கம்பிகளைத் தளர்த்தி, நடுத்துளைக்குள் கையை விட்டு, முகப்புப் பலகையைத் தாங்கும் கட்டைகளைக் கொஞ்சம் சீவுவார். வாசித்தால் வேறொரு குறை கேட்கும். மறுபடி சீவுவார். கிதாரும் இளைத்தது, அவரும் இளைத்தார்.

அன்றைக்கும் கம்பிகளைத் தளர்த்தப் போனபோது ரோசலின் தடுத்துவிட்டாள்.

"போதும்ணே. இன்னும் சீவினா பலகை உள்ள அமுங்கிடும். கிதாரே போயிடும்."

"இருந்து மட்டும் என்ன? காது கொடுத்துக் கேக்க முடியல மாஸ்டர். எனக்கு இந்த வேலை வராது. விட்டுடறேன்."

ரோசலின் கிதாரை வாங்கி மூடியை மாட்டினாள். அவரை எதிரே உட்காரவைத்து வாசித்தாள்.

சவரிராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நல்லாத்தானே இருக்கு!"

மூடியைக் கழற்றிவிட்டு அதையே வாசித்தாள்.

"இப்பவும் நல்லாத்தான் இருக்கு. அந்தக் கரகரப்பைக் காணோமே?"

"எனக்குக் கேக்குது" என்றாள் ரோசலின்.

சவரிராஜ் தான் சீவித் தள்ளிய கட்டைகளை நினைத்துக்கொண்டார். எத்தனை சீவல், எத்தனை நாள் சோறு இறங்காமல்!

"அப்போ அந்தத் துளையில கேக்கறது பொய்யா மாஸ்டர்?"

"பொய் இல்லண்ணே. நான் செஞ்ச எல்லா கிதார்லயும் எனக்கு அது கேக்கும்."

அவர் மூடியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு ரொம்பவே அலுத்துப்போயிருந்தது.

"இதை ஒரேயடியா பசை வெச்சு ஒட்டிடட்டுமா?"

"ஒட்டாதீங்க. அலுத்துப்போற அன்னைக்கு மட்டும் மூடிக்கிட்டு வாசிங்க."