உட்பக்கம்

"டீச்சர், என் கையெழுத்துக்கு ஒரு பூட்டு வேண்டும்."

கேட்டவர் மாசிலாமணி. தையற்காரர். சமீபத்தில்தான் பார்வை போயிற்று.

ஹாஜிரா டீச்சர் பார்வையற்றோருக்குப் பயிற்சி தருபவர். அவருக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. மாணவரைவிட வயதில் இளையவர்.

"யார் திருடியது, அண்ணே?"

"கூட்டாளி. கடையில் என் பங்கை அவனுக்கு எழுதிக் கொடுத்தேனாம். தாளைக் கையில் திணித்து, உன் கையெழுத்துதானே என்கிறான். தடவினேன். வழவழவென்று இருந்தது. ஆமாம் என்பதா, இல்லை என்பதா? இனி மிச்சம் வீடு மட்டும்தான். அதன்மேல் என் மச்சினன் சுயம்புவுக்குக் கண்."

"கைநாட்டு வையுங்களேன்."

"நான் தூங்கும்போது கட்டைவிரலில் மை தடவிவிடுவான். அவனை உங்களுக்குத் தெரியாது."

டீச்சர் சிரித்துவிட்டார். பிறகு கேட்டார்:

"அடுத்தவர் தைத்த சட்டையை எப்படிச் சோதிப்பீர்கள்?"

"உட்பக்கத்தைத் திருப்பித் தடவுவேன். வெளிப்பக்கம் எவனும் நன்றாகத்தான் தைப்பான்."

டீச்சர் ஒரு துண்டை மடித்து மேசைமேல் வைத்தார். அதன்மேல் ஒரு தாள். பால்பாயிண்ட் பேனாவை அவர் கையில் கொடுத்தார்.

"அழுத்திப் போடுங்கள்."

"கிழிந்துவிடும், டீச்சர்."

"கிழிந்தால் வேறு தாள் தருகிறேன்."

போட்டார்.

"இனி எங்கே போட்டாலும் அடியில் இந்தத் துண்டு இருக்கட்டும்."

பூட்டுக் கேட்டால் துண்டு தருகிறாரே என்று முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போனார் மாசிலாமணி. ஆனால் சொன்னபடி செய்தார். வங்கியில் சிரித்தார்கள். தபால்காரர் கேலி செய்தார்.

ஒருநாள் சுயம்பு வந்தான். சாட்சிக்குப் பக்கத்து வீட்டு ஜெபமணியையும் அழைத்து வந்திருந்தான்.

"அத்தான், வீட்டை எனக்குத் தருவதாகப் போன வாரம் நீங்கள் போட்ட கையெழுத்து. ஞாபகம் இருக்கிறதா?"

ஜெபமணி தாளை வாங்கிப் பார்த்தார். குரல் தாழ்ந்தது.

"உங்கள் கையெழுத்து மாதிரிதான் இருக்கிறது, மாசிலாமணி."

"இங்கே கொடுங்கள்."

மாசிலாமணி தாளை வாங்கினார். பழக்கதோஷம், உட்பக்கத்தைத் திருப்பித் தடவினார்.

விரல் நின்றது. மறுபடி தடவினார்.

தோளிலிருந்த துண்டை மடித்து, ஒரு வெற்றுத்தாளை அதன்மேல் வைத்து, அழுத்திக் கையெழுத்துப் போட்டார். இரண்டு தாள்களையும் கவிழ்த்து ஜெபமணியிடம் நீட்டினார்.

"கண்ணை மூடிக்கொண்டு தடவுங்கள்."

ஜெபமணி தடவினார். ஒன்று மேடும் பள்ளமுமாக நெருடியது. மற்றது வழவழவென்று இருந்தது.

"சுயம்பு," என்றார் மாசிலாமணி, "வெளிப்பக்கம் நன்றாகத்தான் தைத்திருக்கிறாய்."