மாடு சொன்ன சாட்சி

"எலுமிச்சங்காயைக் களவாண்டவன் எவனோ, அவன்தான் என் மாட்டு மேல பழியப் போட்டிருக்கான்!" என்று கத்தினாள் பால்காரி சுடலைவடிவு. மாடுதான் காயைத் தின்றது என்ற தோட்டக் காவல்காரன் பேச்சைக் கேட்டுப் பண்ணையார் கட்டிப்போட்ட மாடு, மடி கனத்துக் கதறியது.

"மரமே மொட்டையா நிக்கி. திங்கலைன்னு ஒம் மாடே சாட்சி சொல்லட்டும், விடுதேன்" என்றார் பண்ணையார்.

"சொல்லும், மொதலாளி!" மாட்டின் மேலுதட்டைத் தூக்கிக் காட்டினாள். முன்னால் வெறும் ஈறுதான்.

பண்ணையாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பல்லு எங்கட்டி?"

"எந்த மாட்டுக்கும் மேல முன்பல்லு கிடையாது. பிச்சு இழுத்துத்தான் திங்கும். ஒங்க மரத்துல காம்பெல்லாம் நறுக்குன மாதிரியில்லா இருக்கு!"

காவல்காரன் இடுப்புக் கத்தியை மெல்ல முதுகுப்பக்கம் தள்ளினான். பண்ணையார் அவன் பக்கம் திரும்பினார்.

"அறுத்தவன் எவனோ, அவனே வந்து என் மாட்ட அவுத்து விடட்டும். இப்பமே!"