தொம்மை பல்கலைக்கழகத்தில் ஊதிய கதை

தொம்மை சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். நான் ஒன்றும் கூட்டவில்லை. கூட்டுவதற்கு அவர் இடமும் வைக்கவில்லை.

எங்கள் பேண்டு செட்டுக்கு அப்போது மாஸ்டர் இல்லை. டிரம்பெட் ஊதிய பழைய மாஸ்டருக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. உதட்டை அழுத்திப் பிடிக்கப் பல் இல்லாவிட்டால் டிரம்பெட்டில் வெறும் காற்றுத்தான் வரும். அவர் தன் சிவப்புத் தொப்பியைக் கழற்றி, செட்டின் சொந்தக்காரி செல்லக்கனி அக்காவிடம் கொடுத்துவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். வெள்ளை இறகு வைத்த தொப்பி. அதைப் போட்டவர்தான் ஊர்வலத்தில் முன்னால் நடப்பார். அவர் கையைப் பார்த்துத்தான் நாங்கள் ஊதுவோம், தட்டுவோம்.

அந்தத் தொப்பிக்குப் போட்டியில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் தொம்மை. அவருடையது யூபோனியம், கைக்குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்து ஊத வேண்டிய பெரிய பித்தளைக் குழல். இருபது வருஷமாக இரண்டாவது வரிசையில் அதை ஊதிக்கொண்டிருந்தார். எத்தனையோ கல்யாணப் படங்களில் அவர் இருக்கிறார். ஆனால் ஒன்றில்கூட முகம் தெரியாது. குழல்தான் தெரியும். முன்வரிசைக்கு வந்து, மாப்பிள்ளைக்கு எதிரே, முகத்தைக் குழல் மறைக்காமல் நிற்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

இன்னொருவர் டிரம்பெட் ஏசுவடியான். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார். அதிலும் பாதியை விழுங்கிவிடுவார்.

பித்தளை வாத்தியக்காரர்களுக்கென்று வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் சனி, ஞாயிறு பயிலரங்கு வைத்தார்கள். அக்கா இருவரையும் அனுப்பினாள். அவர்கள் திரும்பிவந்த மறுவாரம் வள்ளியூரில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்காகப் பிள்ளையார் கோயில் முன்னால் நின்றோம். மாப்பிள்ளைக்குப் புது ஷூ காலில் ஏறவில்லையாம். வேறு ஷூ வாங்க ஆள் போயிருந்தது. அக்கா வேன் படியில் உட்கார்ந்து தொப்பியை மடியில் வைத்துக்கொண்டாள்.

"மாப்பிள்ளை வாரதுக்குள்ள ஒரு முடிவு சொல்லிருதேன். அங்க போயி என்னதான் படிச்சிட்டு வந்திய? சொல்லுங்க."

"மூச்சு பழகிக் குடுத்தாவ" என்றார் ஏசுவடியான். அதோடு முடித்துக்கொண்டார்.

தொம்மை யூபோனியத்தை வேன் சக்கரத்தில் சாய்த்து வைத்தார்.

"யக்கா, அவன் சொன்னது வாஸ்தவம். மூச்சுதான். ஆனா யாரு மூச்சுன்னு சொல்லாம விட்டுட்டான் பாருங்க."

"தொடங்கிட்டாருவே" என்றார் சைடு டிரம் வியாகப்பன், குச்சியால் முதுகைச் சொறிந்துகொண்டே. பெரிய டிரம்மின் மேல் கையூன்றி நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"பெரிய ஹாலுக்கா. தரையெல்லாம் கம்பளம். ஏசி. ஆளுக்கொரு மெத்தை நாற்காலி. பாடம் எடுக்க ஒரு பேராசிரியை அம்மா வந்தாவ. நல்ல ஞானம். வந்ததும், 'எல்லாரும் ஆழமா மூச்சை இழுங்க'ன்னாவ. நானும் லேசாத்தான் இழுத்தேன். முதல்ல ஜன்னல் திரை வந்து மூஞ்சியில ஒட்டிச்சு. அடுத்தாப்புல ஏசிக் குளிரு பூரா எனக்குள்ள போயிட்டு. மத்தவன் எல்லாம் வேர்த்துக் கொட்டுதான், நான் கிடந்து நடுங்குதேன். பக்கத்துக் கட்டடத்துல பரீட்சை நடக்கு. அங்க இருந்த வினாத்தாள் அத்தனையும் பறந்துவந்து என் நெஞ்சுல அப்பிக்கிட்டு."

"என்ன பரீட்சைவே?" என்றார் வியாகப்பன்.

"கணக்கு. பிள்ளைக எந்திரிச்சு நின்னு கைதட்டிச்சு. அந்த மரியாதைக்காகத்தான் மூச்சை வெளிய விட்டேன். இல்லன்னா இன்னும் வச்சிருப்பேன்."

வியாகப்பன் தன் டிரம்மைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"அடுத்து அந்தம்மா, 'இப்ப உக்காந்தபடியே ஊதுங்க, யாரும் எந்திரிக்கக் கூடாது'ன்னாவ. அங்கதான் யக்கா சிக்கலு. நாம என்னைக்கு உக்காந்து ஊதியிருக்கோம்? கல்யாணமோ, சாவோ, கோயில் கொடையோ, நடந்துதான ஊதுதோம்?"

இதை மட்டும் எல்லோரும் ஒப்புக்கொண்டோம். அது உண்மை. எங்களுக்குக் கால் நகர்ந்தால்தான் கை ஓடும். நாற்காலி போட்டு உட்காரவைத்தால் தினம் வாசிக்கிற பாட்டே பாதியில் மறந்துபோகும்.

"வந்திருந்தவன் பூராவும் கல்யாணச் செட்டுக்காரன். ஒருத்தன் குழல்லயும் சத்தம் வரல. அந்தம்மா முகம் வாடிப் போச்சு. எனக்கு மனசு கேக்கல. கால் பெருவிரலை மட்டும் லேசா அசைச்சேன். யூபோனியம் பூம்னு எடுத்துச்சு. அதைப் பாத்து எல்லாப் பயலும் காலை அசைச்சான். அசைச்ச காலு சும்மா இருக்குமா? நடந்துட்டு. எந்திரிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாவளே, பெரியவங்க பேச்சைத் தட்டக் கூடாதுல்லா, நாற்காலியோடயே நடந்தோம்."

"நாற்காலியோட."

"நாற்காலிக்கு நாலு காலு, நமக்கு ரெண்டு. ஆறு காலு உள்ளவன் என்ன வேகத்துல போவான்னு நீரே யோசிச்சுப் பாரும். கதவைத் தாண்டி, கேட்டைத் தாண்டி மெயின் ரோட்டுல ஏறிட்டோம். அந்தம்மா பின்னாலயே ஓடிவந்து 'நிறுத்துங்க, நிறுத்துங்க'ங்காவ. எப்படிக்கா நிறுத்துவோம்? நடுரோட்டுல பேண்டு நின்னா மாப்பிள்ளைக்கு ஆகாதுல்லா? வாசல்ல ஆரத்தி எடுத்தாத்தான நிப்போம்?"

"அங்கதான் மாப்பிள்ளையே கிடையாதேவே!"

"அதானவே வெனையே! மாப்பிள்ளைன்னு ஒருத்தன் இருந்தா அவனுக்கு ஒரு வாசல் இருக்கும். வாசல் இருந்தா ஆரத்தி இருக்கும். மாப்பிள்ளை இல்லாத ஊர்வலம் எங்க போய் நிக்கும்?"

யோசித்துப் பார்த்தால் எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

"அந்தம்மா படிச்சவங்கல்லா, உடனே புரிஞ்சுக்கிட்டாவ. பஸ் ஸ்டாப்புல அவங்க யுனிவர்சிட்டி வாத்தியாரு ஒருத்தரு டீ குடிச்சிட்டு நின்னாரு. கல்யாணமாகாதவரு. 'இவரைப் பிடிச்சுக்கோங்க'ன்னாவ. போற போக்குல தூக்கி என் நாற்காலிக் கைப்பிடியில உக்கார வச்சுக்கிட்டோம். பூக்கடைக்காரன் எறிஞ்ச மாலை நேரா அவரு கழுத்துல விழுந்துச்சு. கையில டீ கிளாஸ் அப்படியே இருக்கு. ஒரு சொட்டுச் சிந்தணுமே? அம்புட்டுச் சீரான நடை. மாப்பிள்ளை கிடைச்சாச்சு. இனி பொண்ணு வீட்டு வாசலைத் தேடணும். தெக்க பாத்துப் போனோம்."

"போனீங்க."

"வழியில ஒரு குளம். சொட்டுத் தண்ணி இல்லாம பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கு. நமக்குத்தான் ஊத ஊதக் குழலுக்குள்ள தண்ணி சேருமே. தண்ணி வடிக்க அடியில இருக்க சாவியை ஒரு அழுத்து அழுத்தித் திறந்துவிட்டேன். குளம் நெறைஞ்சு மறுகால் பாஞ்சிட்டு."

"ச்சீ! எச்சித் தண்ணியிலயா வெவசாயம் பண்ணினானுவ?"

"கேலி பேசாதயும். அதுல வெளைஞ்ச நெல்லை உலையில போட்டா, கொதிக்கும்போதே கல்யாணப் பாட்டு பாடுதாம்."

"போன வாரந்தான போனீரு? அதுக்குள்ள நெல்லு வெளைஞ்சிட்டா?"

"நாங்க போன வேகத்தைப் பாத்தபெறகு அது மட்டும் மெதுவா வெளைஞ்சா அதுக்கு மரியாதையா?"

அக்கா சிரிக்கவில்லை. தொப்பியின் இறகை நீவிக்கொண்டு, "மேல சொல்லு" என்றாள். தொம்மைக்குத் தெம்பு கூடிவிட்டது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"ரயில்வே கேட்டு வந்துச்சு. ரயிலும் வந்துச்சு. நாங்க நிக்க முடியாது, அதுவும் நிக்காது. டிரைவரு நல்ல ரசிகரு. பாட்டைக் கேட்டதும் சொக்கிப் போயி, வண்டியை எங்க பின்னாலயே திருப்பிட்டாரு."

"தார் ரோட்டுல? தண்டவாளம் யாரு போட்டா?"

"டிராம்போன்காரன் எதுக்கு இருக்கான்? குழலை நீட்டுவான், சுருக்குவான், அதான அவன் வாத்தியம்? நீட்டி நீட்டிக் கீழ வச்சானுவ. ரயிலு அது மேல வந்துச்சு. கடைசிப் பெட்டி தாண்டினதும் உருவி எடுத்துக்கிட்டு முன்னால ஓடி மறுபடி வச்சானுவ."

"அப்ப டிராம்போன் பாகத்தை யாருவே ஊதினது?"

"ரயிலுதான். சுதி மட்டும் கொஞ்சம் தூக்கலா இருந்துச்சு. அந்தம்மா ஓடிக்கிட்டே சரிபண்ணிக் குடுத்தாவ. அதுக்குத்தான் படிச்சவங்க கூட இருக்கணுங்கது."

வியாகப்பனால் பொறுக்க முடியவில்லை. ஏசுவடியானின் தோளைப் பிடித்து உலுக்கினார். "நீரும்தான போனீரு? ரயிலு வந்துச்சா, இல்லையா? ஒரு வார்த்தை சொல்லும்."

ஏசுவடியான் தோளை விடுவித்துக்கொண்டார். "நான் பின்வரிசை. மறைச்சிட்டு."

"பாத்தீரா! இல்லைன்னு சொன்னானா?" என்றார் தொம்மை. "அப்பறம் கன்னியாகுமரி வந்துட்டு. தரை முடிஞ்சு போச்சு. ஊர்வலம் முடியல. பெரிய பாஸ் குழல் ஊதுறவனைப் பாத்து, 'ஏ மக்கா, முன்னால வா'ன்னேன். கடலைப் பாத்து ஒரே ஊது. தண்ணி ரெண்டு பக்கமும் சுவரு மாதிரி ஒதுங்கிட்டு."

வியாகப்பன் அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டார். "வே, அது மோசே பண்ணினது. வேதத்துல இருக்கு."

"மோசே கையில கம்புதான இருந்துச்சு? கூட ஒரு பேண்டு செட் இருந்திருந்தா மனுசன் நாப்பது வருசம் வனாந்தரத்துல அலைஞ்சிருப்பாரா? ரெண்டு பக்கமும் மீனெல்லாம் வந்து வேடிக்கை பாக்கு. ஒரு சுறா மாப்பிள்ளைக்கு முத்து மொய் வச்சுட்டுப் போச்சு. அதுக்கும் பந்தியில எடம் போடணும்னு வாத்தியாரு கண் கலங்கிட்டாரு. அப்படியே கடலுக்கடியில போயி, கண்டம் கண்டமா ஏறி எறங்கி, உலகத்தை ஒரு சுத்து சுத்திட்டு வந்தா, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மறுபடி அதே யுனிவர்சிட்டி வாசல்! கேன்டீன் நடத்துற அம்மா சத்தம் கேட்டு ஓடிவந்து, மஞ்சளும் சுண்ணாம்பும் கலக்கி ஆரத்தி எடுத்தாவ. டக்குனு நின்னோம். அவங்க மகளைத்தான் வாத்தியாரு கட்டிக்கிட்டாரு. டீ கிளாஸை அங்க வந்துதான் கீழ வச்சாரு."

"ஆறிப் போயிருக்குமே" என்றார் வியாகப்பன் சோர்ந்த குரலில்.

"பேராசிரியை அம்மா மூச்சு வாங்கிக்கிட்டே எல்லார் முன்னாலயும் சொன்னாவக்கா. 'எத்தனையோ செட்டு பாத்திருக்கேன். ரெண்டு நாளு யாராலயும் நிறுத்த முடியாத பேண்டை நடத்தினவரு தொம்மை ஒருத்தருதான்'னு. இதுக்கு மேல நான் என்ன சொல்ல?"

இரண்டு கையையும் தொப்பிக்கு நேராக நீட்டினார். கோயிலுக்குப் பின்னால் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஷூ வந்துவிட்டது போலிருந்தது.

அக்கா எழுந்து நின்றாள்.

"தொம்மை, இந்தத் தொப்பி போட்டவனுக்கு என்ன வேலை?"

"பேண்டை நடத்துறதுக்கா."

"நடக்கதுக்குத்தான் எல்லாருக்கும் காலு இருக்கே. மாஸ்டரு வேலை நிறுத்துறது. கையைத் தூக்கினா அத்தனை குழலும் வாயை மூடணும். ரெண்டு நாளா நிறுத்தத் தெரியாத ஆளுகிட்ட இதை எப்படிக் குடுப்பேன்? தாலி ஏறி, பந்தி முடிஞ்சு, மண்டபத்தைப் பூட்டிட்டுப் போனபெறகும் நீ ஊதிக்கிட்டு நிப்பியே."

நீட்டிய கை நீட்டியபடி இருந்தது. இப்படி ஒரு திருப்பத்தைத் தொம்மை எதிர்பார்க்கவில்லை. நாங்களும்தான்.

அக்கா திரும்பினாள். "ஏசுவடியான், நீ அங்க என்ன பண்ணின?"

"சாப்பாட்டு மணி அடிச்சாவ. நிறுத்திட்டேன்."

வியாகப்பன் சிரிப்பை அடக்க டிரம்மின் மேல் குனிந்துகொண்டார். அக்கா மட்டும் சிரிக்காமல் தொம்மையைப் பார்த்தாள். குரல் இறங்கிவிட்டது.

"ஒண்ணும் கெட்டுப் போகல தொம்மை. நீ எப்படி ஊதுவன்னு எனக்குத் தெரியும். நாற்காலி, ரயிலு, கடலு, எல்லாம் புளுகுன்னு ஒரு வார்த்தை சொல்லு. தொப்பி உனக்குத்தான்."

கார் கிளம்பும் சத்தம் கிட்டத்தில் வந்தது. தொம்மை தொப்பியைப் பார்த்தார். இறகு காற்றில் ஆடிற்று.

"சொல்லித் தொலையும்வே. ஒரே வார்த்தை!" என்று வியாகப்பனே கெஞ்சினார்.

"சரிக்கா" என்றார் தொம்மை. "ஒண்ணு புளுகுதான். ஒத்துக்கிடுதேன்."

நாங்கள் எல்லோரும் ஒரு அடி முன்னால் வந்தோம்.

"ஆரத்தி எடுத்தாவன்னு சொன்னேன்லா, அதான் புளுகு. யாரும் எடுக்கல. பேண்டு நிக்கவேயில்ல. அவனுவ இன்னும் நடந்துக்கிட்டுதான் இருக்கானுவ."

வியாகப்பன் இரண்டு குச்சியையும் கீழே போட்டார். "அப்ப நீரு எப்படிவே இங்க வந்து நிக்கீரு?"

"சுத்தி வார வழியில நம்ம ஊரு வந்துச்சு. எறங்கிக்கிட்டேன்."

மாப்பிள்ளையின் கார் கோயில் முனை திரும்பியது. அக்கா தொப்பியை ஏசுவடியானின் தலையில் வைத்து, இறகை நேராக்கிவிட்டாள். பிறகு சக்கரத்தில் சாய்ந்திருந்த யூபோனியத்தை எடுத்துத் தொம்மையின் கையில் கொடுத்தாள்.

"அடுத்த சுத்து அவனுவ வரும்போது போயி முன்னால நில்லு. இன்னைக்கு ரெண்டாவது வரிசை."