நாரைக்குக் கட்டிய தெப்பம்

காட்டாற்றின் நடுவே ஒரு பாறை. அதன்மேல் ஒரு நாரை தனியாக நின்றது. மழைக்காலத்துப் புயலில் அதன் சிறகு ஒன்று ஒடிந்துவிட்டது. கூட்டத்து நாரைகள் எல்லாம் ஆறு ஓடும் திசையில், காட்டுக்குள் இருந்த மூங்கில் மடுவுக்குப் பறந்து போய்விட்டன. அங்கே கோடையிலும் தண்ணீர் வற்றாது, மீனும் குறையாது என்று பேச்சு.

கரையில் ஒரு நரி இருந்தது. நாரையைத் தினமும் பார்த்தது. நடுவில் ஆழமான தண்ணீர் ஓடியதால் பார்ப்பதோடு நின்றது.

நாரைக்கு இரண்டு சிநேகிதர்கள். ஒன்று நீர்நாய், மற்றொன்று ஆமை.

"கவலைப்படாதே அக்கா! தெப்பம் கட்டுவோம். ஆற்றோடு மிதந்து மூங்கில் மடுவுக்குப் போவோம். ஆசை தீர மீன் பிடிப்போம்!" என்றது நீர்நாய்.

"நாளைக்கே போகலாமா?" என்று கேட்டது நாரை.

"நாளைக்கா! இது பல நாள் பயணம். அடர்ந்த காடு. முதலில் திட்டம் போட வேண்டும்!"

"நீ அங்கே போயிருக்கிறாயா, அண்ணே?" என்றது ஆமை.

"போனால்தான் தெரியுமா?" என்று மீசையை முறுக்கியது நீர்நாய்.

வெள்ளத்தில் வந்த மூங்கில்களைக் கொடியால் பிணைத்தார்கள். தெப்பம் தயார். பாறையோரம் கட்டி நிறுத்தினார்கள். அன்றே புறப்பட்டிருக்கலாம். ஆனால் வெயில் சுடுமே? நாணலால் கூரை போட்டார்கள். காற்றடித்தால் கூரை பறக்குமே? அதன்மேல் கல் வைத்தார்கள். பிறகு முன்னால் யார் உட்காருவது என்று பேச்சு வந்தது.

"கழுத்து நீளம் எனக்குத்தான். முன்னால் நான்!" என்றது நாரை.

"நீ முன்னால் நின்றால் எனக்கு உன் காலைத் தவிர வேறென்ன தெரியும்?" என்றது ஆமை. கோபித்துக்கொண்டு ஓட்டுக்குள் போனது, வெளியே வரச் சில நாளாயிற்று.

அதற்குள் நீர்நாய் வழிச்சோற்றுக்கு மீன் பிடித்துப் பாறையில் காயவைத்தது.

"மீன் பிடிக்கப் போகிறவர்கள் கருவாடு கட்டிக்கொண்டா போவார்கள்?" என்றது நாரை.

"வழியில் மீன் கிடைக்காவிட்டால்?"

"ஆற்றிலா?"

"எதற்கும் இருக்கட்டும் அக்கா!"

கரையிலிருந்து நரி குரல் கொடுத்தது. "அருமையான திட்டம்! அவசரமே படாதீர்கள், அம்மணி! கூரைக்கு இன்னொரு அடுக்கு நாணல் போட்டால் என்ன?"

"பார்த்தீர்களா, நரிக்கே பிடித்துவிட்டது!" என்று பூரித்தது நீர்நாய். அன்றே இன்னொரு அடுக்கு ஏறியது.

மழை நின்று வெகு நாளாகியிருந்தது. திட்டம் பெருத்தது, ஆறு இளைத்தது. மூவரில் ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. நரி மட்டும் பார்த்தது.

கடைசியில் ஒரு காலை நீர்நாய் கொடியை அவிழ்த்தது. "புறப்படு!" என்று கூவியது. தெப்பம் அசையவில்லை. அதன் அடி மணலில் பதிந்திருந்தது.

"நான் வேண்டுமானால் தள்ளிவிடட்டுமா?"

குரல் பக்கத்தில் கேட்டது. முழங்கால் தண்ணீரில் நரி நின்றுகொண்டிருந்தது!

"ஐயோ! முன்னால் உட்கார அத்தனை சண்டை போட்டேனே, இந்த வாய்க்கு முன்னால் உட்காரத்தானா!" என்றது நாரை.

"கருவாட்டை வீசு, அண்ணே!" என்று கத்தியது ஆமை.

நீர்நாய் மூட்டையைக் கரைக்கு வீசியது. வாசனை நரியின் தலையைத் திருப்பியது. தலை போன பக்கம் காலும் போயிற்று. அந்த நேரத்தில் ஆமை கொடிகளைக் கடித்தது. கல்லும் கூரையும் சரிந்தன. இரண்டே மூங்கில்கள் மிஞ்சி மிதந்தன. நாரை அவற்றின்மேல் தாவி நின்றது. நீர்நாய் பின்னாலிருந்தும் ஆமை பக்கத்திலிருந்தும் தள்ளின. மிச்சமிருந்த மெல்லிய ஓட்டம் அவர்களை ஏற்றுக்கொண்டது.

'கருவாடும் என் திட்டம்தானே' என்று சொல்ல நீர்நாய்க்கு வாய் வந்தது. மூடிக்கொண்டது.

ஒரு வளைவு கடந்தது. இன்னொன்று கடந்தது. வெயில் உச்சிக்கு வருமுன் தண்ணீரில் மூங்கில் நிழல் விழுந்தது. கிளைகளில் நாரைகள் கூவின. மூங்கில் மடு!

நாரை நீர்நாயைத் திரும்பிப் பார்த்தது.

"பல நாள் பயணம் என்றாயே, தம்பி?" என்றது நாரை.

நீர்நாய் தண்ணீரையே பார்த்தது. "திட்டம் போட்ட நாளையும் சேர்த்துத்தான் சொன்னேன், அக்கா."

மூன்றும் வயிறு குலுங்கச் சிரித்தன. நாரைக்கு மட்டும் சிரிப்பின் நடுவே கண் நிறைந்தது. மடுவின் தண்ணீரில் அதன் கூட்டம் முழுவதும் வெள்ளையாகத் தெரிந்தது.

ஓடுகிற தண்ணீர் நம் திட்டம் முடியட்டும் என்று நிற்காது. மிதக்கும் அளவுக்குத் தயாரானதும் புறப்பட்டுவிட வேண்டும்.