மாசானமுத்து கார் ஏறாமல் காதுகுத்துக்குப் போனது

பனைவிளாகத்தில் ‘மாசானம் மைக் செட்’ என்றால் தெரியாதவர்கள் கிடையாது. கல்யாணம், கோயில் கொடை, கட்சிக் கூட்டம் எதுவானாலும் அவர்கள் குழாய்தான் கத்தும். கடையில் மொத்தம் மூன்று பேர். மாசானமுத்து முதலாளி. இசக்கியப்பன் கம்பத்தில் ஏறிக் குழாய் கட்டுபவர். வியாகுலம் மைக்கைப் பிடித்து “ஹலோ, ஹலோ, கேக்குதா?” என்று சோதிப்பவர். ஒரு கல்யாணத்தில் யாரும் “கேக்குது” என்று பதில் சொல்லவில்லை. தாலி கட்டி முடிந்து முதல் பந்தி எழுந்திருக்கும்வரை வியாகுலம் கேட்டுக்கொண்டே இருந்தார். அவ்வளவு பொறுப்பானவர்கள்.

மாசானமுத்துவின் தங்கை பிரம்மசக்தி ஆஸ்திரியாவில் ஒரு சின்ன ஊரில் நர்ஸ். அவளுக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஆவணியில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்தவேண்டும், தாய்மாமனோ இவர் ஒருவர்தான். இவர் வராவிட்டால் காதுகுத்தே இல்லை என்று தங்கை போனிலேயே அழுதுவிட்டாள்.

அவள் வீட்டுக்காரர் ஆறுமுகநயினார் போனை வாங்கி உற்சாகமாகப் பேசினார். “மச்சான், ஆனியிலயே கிளம்பிருங்க. இங்க கார் தேவையே இல்ல. சைக்கிளும் ரயிலும் போதும், எங்க வேணும்னாலும் போயிறலாம். முதல்ல ஹாலந்துல இறங்கி நல்லா சுத்திப் பாத்துட்டு மெதுவா வாங்க.”

மாசானமுத்து ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதினார்: ‘கார் கூடாது. சைக்கிள், ரயில் மட்டும். மெதுவாக வரவேண்டும்.’

அண்ணனைப் பற்றித் தெரிந்த பிரம்மசக்தி மூன்று நாள் சாயங்காலம் போனில் உட்கார்ந்து சொல்லவேண்டியதையெல்லாம் சொன்னாள். அவரும் ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டார். கடைசி வரி: ‘தனியா வராத.’

இதைப் பற்றிக் கடையில் ஆலோசனை நடந்தது.

“தனியா வராதன்னா ரெண்டு பேராப் போகணும் அண்ணாச்சி,” என்றார் இசக்கியப்பன்.

“அதுல ஒரு ஆளு பாத்ரூமுக்குப் போனா?” என்றார் வியாகுலம்.

மாசானமுத்துவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. “மத்தவன் தனியாயிருவாம்லா!”

ஆகவே மூன்று பேரும் கிளம்பினார்கள்.

ஆம்ஸ்டர்டாமில் இறங்கி ஆளுக்கொரு பழைய சைக்கிள் வாங்கினார்கள். மறுநாள் காலையில் மாசானமுத்து நோட்டைத் திறந்தார். ‘டயரில் காத்து இருக்கான்னு தினமும் காலையில பாக்கணும்.’ மூவரும் குனிந்து வால்வைத் திருகினார்கள். ‘உஸ்ஸ்’ என்று ஆறு டயரிலும் சத்தம் வந்தது.

“இருக்கா?” என்றார் மாசானமுத்து.

“இருந்துது அண்ணாச்சி,” என்றார் இசக்கியப்பன்.

பிறகு மதியம்வரை மாறி மாறிக் காற்றடித்தார்கள். இப்படித் தினமும் நடந்தது. ஐரோப்பாவில் சைக்கிள் பயணம் என்றால் அரை நாள் காற்றடிப்பது என்றே அவர்கள் நினைத்தார்கள்.

அடுத்த வரி: ‘அங்க வலது பக்கமாத்தான் போகணும்.’ நம் ஊரில் இடது பக்கம் ஓட்டுவதுபோல அங்கே வலது பக்கம் என்று பிரம்மசக்தி சொல்ல வந்தாள். இவர்கள் ஒவ்வொரு முக்கிலும் வலது பக்கம் திரும்பினார்கள். முதல் முக்கில் ஒரு காற்றாலை, இரண்டாவதில் ஒரு சர்ச், மூன்றாவதில் பசுமாடுகள், நாலாவதில் ஒரு ரொட்டிக்கடை. அதற்கடுத்த முக்கில் ஒரு காற்றாலை.

முதல் நாள் ரொட்டிக்கடை அம்மா கையாட்டினாள். மூன்றாம் நாள் கடையை விட்டு வெளியே வந்து பார்த்தாள். ஐந்தாம் நாள் முகத்தில் கவலையோடு ஆளுக்கொரு ரொட்டி கொடுத்தாள்.

“போகப் போக இந்த நாட்டு ஆட்களுக்குப் பாசம் கூடிக்கிட்டே வருது,” என்றார் வியாகுலம், வாய் நிறைய ரொட்டியோடு.

பத்தாம் நாள் தங்கை போன் செய்தாள். “அண்ணே, எதுவரைக்கும் வந்திருக்க?”

“அம்பத்திரண்டு ஊரு தாண்டியாச்சு.”

“அம்மாடி! இப்ப எந்த ஊருல இருக்க?”

மாசானமுத்து போர்டைப் பார்த்து எழுத்தெழுத்தாக வாசித்தார்.

“இதே பேரைத்தான போன வாரமும் சொன்ன?”

“இங்க எல்லா ஊருக்கும் ஒரே பேருதான் சக்தி. ஒரே சர்ச்சு, ஒரே ரொட்டிக்கடை. ஒத்துமையான நாடு.”

 மறுமுனையில் பிரம்மசக்தி வீறிட்டாள். “எங்கயும் திரும்பாத! நேராப் போ!”

“நேரா. எழுதிக்கிட்டேன்.”

நேராகப் போனார்கள். ஒரு கிலோமீட்டரில் கால்வாய் வந்தது. அதற்கப்புறமும் நேராகத்தான் போனார்கள். ரொட்டிக்கடை அம்மாவின் வீட்டுக்காரர் ஏணியைப் போட்டு மூவரையும் வெளியே எடுத்தார். மூன்று சைக்கிள்களையும் எடுத்தார். தெற்கே போகும் ஒரு பாதையில் கொண்டுபோய்விட்டு, அவர்கள் கண்ணை விட்டு மறையும்வரை அங்கேயே நின்றார்.

ஒரு மாதத்தில் ரைன் நதிக்கு வந்துவிட்டார்கள் என்பதே பெரிய விஷயம். அக்கரைக்குப் போகப் படகு இருந்தது. ஆனால் அதில் நாலு கார்கள் நின்றன. மூவரும் கரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

“நாம படகுலதான ஏறுதோம், கார்ல ஏறலியே?” என்றார் இசக்கியப்பன்.

“படகு காரைத் தூக்கிட்டுப் போவுது, நம்மளையும் தூக்கிட்டுப் போவுது. அப்ப நாமளும் காரும் ஒண்ணுதான்,” என்றார் வியாகுலம்.

மாசானமுத்து நெற்றியைத் தேய்த்தார். “நாம காருன்னா, நம்மள நாமளே எப்படில விட்டுட்டுப் போறது?”

 கார் இல்லாத படகு வரும்வரை கரையிலேயே கூடாரம் போட்டுக் காத்திருந்தார்கள். மூன்றாம் நாள் அதிகாலையில் வந்தது. படகுக்காரருக்கு இவர்கள் யாரென்று கடைசிவரை விளங்கவில்லை. கரையில் போட்டிருந்த கூடாரத்தைப் பார்த்து, தன்னை எதிர்த்து ஏதோ போராட்டம் நடத்துகிறார்கள் என்று பயந்து, டிக்கெட்டே வாங்காமல் ஏற்றிக்கொண்டார்.

காதுகுத்துக்கு ஏழு நாள்தான் இருந்தது. பிரம்மசக்தி மறுபடியும் போன் செய்தாள். “அண்ணே, சைக்கிள் மிதிச்சது போதும். ரயில் ஏறிரு. உன் கால்ல விழுதேன்.”

நோட்டில் ரயில் பக்கம் தனியாக இருந்தது. ‘பட்டனை அழுத்தினாத்தான் ரயில் கதவு திறக்கும்.’

ரயில் வந்து நின்றது. மாசானமுத்து தன் சட்டையின் மேல் பட்டனை அழுத்தினார். உள்ளேயிருந்து இறங்க நின்ற ஒருவர் கதவுப் பொத்தானைத் தட்டவும் கதவு திறந்தது.

“என்னா முன்னேத்தம்ல!” என்றார் மாசானமுத்து. “நம்ம ஊருல தச்ச சட்டை. அதுக்கும் திறக்குது, பாத்தியா?”

அடுத்தது டிக்கெட். ‘ஆளுக்கு மட்டுமில்ல, சைக்கிளுக்கும் டிக்கெட் எடுக்கணும்.’ ஆறு டிக்கெட் எடுத்திருந்தார்கள். ஆறு டிக்கெட்டுக்கு ஆறு இருக்கை. சைக்கிள்கள் மூன்றையும் ஜன்னலோரம் உட்காரவைத்து, இவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். டிக்கெட் பரிசோதகர் வந்தார். சைக்கிள்களைக் காட்டினார். பெட்டியின் கோடியில் சைக்கிள் படம் வரைந்த இடத்தைக் காட்டினார்.

“சைக்கிள்ல வந்தவங்க அங்க நிக்கணுமாம்,” என்றார் மாசானமுத்து. மூவரும் எழுந்துபோய் அங்கே வரிசையாக நின்று, சைக்கிள் மாட்டும் கொக்கிகளைப் பிடித்துக்கொண்டார்கள். பரிசோதகர் அவர்களையும் பார்த்தார், ஜன்னலோரம் சொகுசாக உட்கார்ந்திருந்த சைக்கிள்களையும் பார்த்தார். ஆறு டிக்கெட்டிலும் ஓட்டை போட்டுவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனார். அந்தப் பக்கம் திரும்பி வரவே இல்லை.

இறங்கும்போதுதான் விபரீதம். மாசானமுத்துவும் வியாகுலமும் சைக்கிள்களோடு ஒரு கதவில் இறங்கிவிட்டார்கள். இசக்கியப்பன் கூட்டம் வேண்டாமென்று அடுத்த கதவுக்குப் போனார். அன்றைக்கென்று அவர் பட்டன் இல்லாத பனியன் போட்டிருந்தார். நெஞ்சு முழுக்க அழுத்திப் பார்த்தார். தொப்புளையும் அழுத்திப் பார்த்தார். ரயில் கிளம்பிவிட்டது. கண்ணாடிக்குப் பின்னால் அவர் முகம் சின்னதாகிக்கொண்டே போனது.

“ஏ இசக்கீ!” என்று மாசானமுத்து பிளாட்பாரம் முடியும்வரை ஓடினார். அப்புறம் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். “அவன் வீட்டுக்காரிக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?”

ரயிலில் இசக்கியப்பன் தனியாக இருக்கக்கூடாதென்று கோட்டுப் போட்ட ஒரு பெரியவரை ஒட்டிக்கொண்டே நின்று, அவர் இறங்கிய ஊரில் இறங்கி, அவரை ஒட்டிக்கொண்டே அவர் வீட்டுவாசல்வரை போய்விட்டார். பெரியவர் பொறுமைசாலி. தன் பழைய சட்டை ஒன்றை இவருக்குப் போட்டுவிட்டு, ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்து திருப்பி ஏற்றிவிட்டார். ஐந்து மணி நேரம் கழித்து மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அந்தச் சட்டையில் பதினொரு பட்டன் என்பதில் மாசானமுத்துவுக்குப் பெரிய நிம்மதி.

ரயில் பக்கத்தின் கடைசி வரி: ‘மியூனிக்கில் ரயில் மாறணும்.’

மியூனிக் வந்தது. எல்லோரும் இறங்கிப் போய்விட்டார்கள். இவர்கள் மூவரும் ரயிலுக்குள்ளேயே உட்கார்ந்து, அது மாறுவதைக் கவனித்தார்கள்.

“மாறுதா?” என்றார் மாசானமுத்து.

“சீட்டு அப்படியேதான் இருக்கு,” என்றார் இசக்கியப்பன்.

“உள்ளருந்து பாத்தா தெரியாது அண்ணாச்சி,” என்றார் வியாகுலம். “பிள்ளை வளருறது பெத்தவங்களுக்குத் தெரியுதா? ரெண்டு மாசம் கழிச்சு வாற விருந்தாளிதான சொல்லுதான்?”

அது நியாயமாகப் பட்டது. மூவரும் சைக்கிள்களோடு இறங்கி, கண்ணை மூடித் திரும்பி நின்று, நூறுவரை எண்ணிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். இவர்கள் வந்த சிவப்பு ரயில் போய்விட்டிருந்தது. அதே இடத்தில் ஒரு நீல ரயில் நின்றது.

“மாறிட்டு!” என்று கத்தினார் மாசானமுத்து. ஏறினார்கள். அது ஆஸ்திரியா போகும் ரயில்தான். சில ஆட்களுக்கு அப்படித்தான் அமையும்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் தங்கை வீட்டு வாசலில் மூன்று சைக்கிள் மணி அடித்தது. பிரம்மசக்தி ஓடிவந்தாள். ரெண்டு மாதக் கோபத்தையும் சேர்த்துவைத்திருந்தாள். அண்ணனைப் பார்த்ததும் அதில் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. “எப்படிண்ணே கறுத்துப்போயிட்ட!” என்று மட்டும் சொன்னாள்.

பதினோரு மணிக்கு அந்த ஊர் நகைக்கடையில் காதுகுத்து. மாசானமுத்து நாற்காலியில் உட்கார, குழந்தை நிறைமதியைக் கொண்டுவந்து மடியில் வைத்தார்கள். இதுவரை போனில் மட்டும் பார்த்த குழந்தை. அது அவர் மீசையைப் பிடித்து இழுத்துப் பார்த்தது. அவர் மூச்சைக்கூட மெதுவாக விட்டார்.

“அண்ணே, பிள்ளை அழுதா உடனே கவனத்தத் திருப்பிரணும், மறந்துராத,” என்றாள் பிரம்மசக்தி.

கடைக்கார அம்மா வலது காதில் குத்தினாள். குழந்தை ஒருதரம் கண்ணைச் சிமிட்டியது. அவ்வளவுதான்.

மூவரும் கலவரமாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அழலியே!” என்றார் மாசானமுத்து ரகசியமாக. “அழுதாத்தான திருப்ப முடியும்?”

“பிள்ளைக்கு ஆரம்பிக்கத் தெரியல போல,” என்றார் இசக்கியப்பன்.

“நான் எடுத்துக் குடுக்கேன்,” என்ற வியாகுலம் தொண்டையைச் செருமிக்கொண்டு ‘ஓ’வென்று ஆரம்பித்தார். ஒரு ஆளைத் தனியாக அழவிடக்கூடாது என்று இசக்கியப்பனும் சேர்ந்துகொண்டார். மாசானமுத்துவுக்கு மட்டும் பாசாங்கு தேவைப்படவில்லை. ஐம்பது நாள் காற்றடித்தது, கால்வாய், கண்ணாடிக்குப் பின்னால் போன இசக்கி, இப்போது மடியில் இந்தப் பிஞ்சு என்று எல்லாம் சேர்ந்து வர, அவர் தேம்பித் தேம்பி அழுதார்.

நிறைமதி மூவரையும் மாறி மாறிப் பார்த்தது. அப்புறம் கையிலிருந்த கிலுகிலுப்பையை அவர்கள் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டிச் சிரித்தது. அந்தச் சமயத்தில் இடது காதும் குத்தி முடிந்துவிட்டது.

கடைக்கார அம்மா திகைத்துப்போய் ஆறுமுகநயினாரிடம் இது என்னவென்று கேட்டாள். வெட்கம் தாங்காமல் அவர், “எங்க ஊர் வழக்கம். பிள்ளைக்குப் பதிலா மாமன்மார் அழுதிருவாங்க,” என்று ஜெர்மனில் சொல்லிவைத்தார்.

செவ்வாய்க்கிழமை வீட்டுக்குப் போன் வந்தது. யாரோ ஒரு ஆஸ்திரிய அம்மா. வரும் வெள்ளிக்கிழமை அவள் குழந்தைக்குக் காது குத்துகிறார்களாம். மூத்தவளுக்குக் குத்தும்போது அவள் அழுத அழுகையில் தெருவே கூடிவிட்டதாம். நகைக்கடையில் இந்த வழக்கத்தைக் கேள்விப்பட்டாளாம். அந்த மூன்று பேர் வரமுடியுமா?

ஆறுமுகநயினார் போனைக் கையால் பொத்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். மூவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

“போறதுல ஒண்ணுமில்ல மாப்ள,” என்றார் மாசானமுத்து யோசனையாக. “அந்தப் பிள்ளைக்கு நாங்க என்ன முறை? மாமன் அழுகை வேற, சித்தப்பன் அழுகை வேற. முறை தெரியாம எப்படி அழ?”

ஆறுமுகநயினார் வேறு வழியில்லாமல் அதை ஜெர்மனில் கேட்டார். அந்த அம்மா வீட்டில் கலந்து பேசிவிட்டுக் கூப்பிடுவதாகச் சொன்னாள். கால் மணி நேரத்தில் கூப்பிட்டாள். ரெண்டு மாமன், ஒரு சித்தப்பா.

வெள்ளிக்கிழமை மாசானமுத்துவும் இசக்கியப்பனும் நாற்காலிக்கு இரண்டு பக்கமும் நின்று நல்ல உரிமையோடு அழுதார்கள். வியாகுலம் மட்டும் கொஞ்சம் தள்ளி, குழந்தையின் அப்பா பக்கத்தில் நின்று, அளவாக அழுதார்.